இரண்டு முதல் எட்டு டிகிரி

பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கிறது:
இரண்டு முதல் எட்டு டிகிரிக்குள் வைக்கவும்.
அதற்குக் கீழே சிவப்பில்
உறைய விடக் கூடாது.

எங்கள் வீட்டில் ஃப்ரிட்ஜ் இல்லை.
முத்தோரையில் யாருக்கும் அது அவசரமில்லை.
பகலில் கடை ஃப்ரிட்ஜில், பாதாம் பார்களுக்குப் பின்னால்;
ராத்திரியில் டிபன் பாக்ஸுக்குள், ஜன்னல் விளிம்பில்.
பத்து நாள் இப்படித்தான் ஓட்டினேன்.
இன்றைக்குக் காற்று நின்றுவிட்டது.
வானத்தில் ஒரு பொட்டு மேகமில்லை.
ஏழு மணிக்குக் கரண்ட் போனது.
எட்டு மணிக்குத் தெர்மாமீட்டரில் மூன்று.
பத்துக்கு ஒன்று.
கடைசி ஊசியை உள்ளே எடுத்து
ஜெயசீலனின் பழைய ஸ்வெட்டர் கைக்குள் சொருகி
அரிசி டப்பாவில் புதைத்தேன்.
இந்தப் பத்து நாள் மருந்தும் சேர்த்து
கேரட்டில் முப்பது மூட்டை.
போன வார விலைக்கு.

சாக்லேட் கடையில் வேலை என்றதும்
ஸ்கேன் பார்த்துக்கொண்டிருந்த டாக்டரம்மா நிமிர்ந்தார்.
உங்க வலது சினைப்பையில இருக்கறதுக்கும்
அதே பேர்தாம்மா.
வெளியே போக வழியில்லாத பழைய ரத்தம்
கறுத்துக் குழம்பாகி நிற்பது.
நாலரை சென்டிமீட்டர்.
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
கமர்ஷியல் ரோட்டில் அந்த அளவுக் கட்டியைத்
தராசில் வைக்காமலே சொல்வேன்
ஐம்பது கிராம் என்று.

அந்தப் பேர் வந்து சேர
இருபத்து நாலு வருஷம் ஆகியிருக்கிறது.
பிளஸ் டூ கணக்குப் பரீட்சையில்
பெஞ்சோடு மடங்கிக் கிடந்தபோது
எல்லாருக்கும் வர்றதுதானே என்றார்கள்.
எல்லாரும் என்றால் யார் என்று
கேட்காமல் விட்டுவிட்டேன்.
கல்யாணமானா சரியாயிடும்.
ஆனது, முப்பத்தெட்டில்.
ஒண்ணு பெத்துட்டா சரியாயிடும்.
சாவியை உள்ளே வைத்துப் பூட்டிய கதவுக்கு
எத்தனை பேர் வழி சொன்னார்கள்!
நாத்தனார் ரெஜினா மட்டும்
வாயைத் திறக்காமல்
வெந்நீர்ப் பை ஒன்று வாங்கி வந்து கொடுத்தாள்.

தேதி குறித்துப் படுத்த மாதங்களில்
வலிக்குதா எமில்டா என்பான்.
இல்லை என்பேன்.
அவன் நிறுத்திவிடுவான்.
இருட்டில் முகம் தெரியாது என்று
நான் நினைத்துக்கொண்டிருந்தது
எவ்வளவு பெரிய முட்டாள்தனம்.

பதினொன்றே கால்.
ஒரு நிமிஷம் முன்பின் ஆகக் கூடாது.
இந்த நேரத்திலிருந்துதான்
நாளை மறுநாள் கோயம்புத்தூரில் அவர்கள் எண்ணுவார்கள்.
இடது பக்கம் மூன்று தெரிகிறதாம்.
ஒன்றாவது நிச்சயம் என்றார்.
எது நிச்சயம் என்று சொல்லவில்லை.
ஜெயசீலன் பழைய பல் பிரஷ்ஷால்
நக இடுக்கில் மண்ணைத் தேய்த்து எடுக்கிறான்,
சோப்பு, வெந்நீர், மறுபடி சோப்பு.
செல்போன் வெளிச்சத்தைப் பல்லில் கடித்துக்கொண்டு
தொப்புளுக்குக் கீழே
இரண்டு விரல் தள்ளி
நீலமில்லாத ஒரு இடத்தைத் தேடுகிறான்.
எனக்கு நாற்பத்தொன்று.
ரத்தத்தில் ஏதோ ஒரு அளவு
பாயிண்ட் ஆறு.
கடையில் நாங்கள் அதைப் பூஜ்யம் என்றே போட்டுவிடுவோம்.

குத்தினான். மருந்து இறங்கும்போது
ஓடை ஒன்று உள்ளே போவதுபோல் சில்லென்றது.
அவ்வளவுதான். ஊசியை
ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு மூடினோம்.

நாலு மணிக்கு அவன் எழுந்தான்.
வெயில் வருமுன் தண்ணீர் தெளிக்காவிட்டால்
வயல் கருகும்.
டீசல் மோட்டார் மூன்றாவது இழுப்பில் பிடித்தது.
வாசலில் நின்று டார்ச் அடித்தேன்.
கேரட் தழை, வேலி, சாக்கு, எல்லாம் வெள்ளை.
எந்த வரிசை பிழைத்தது என்று
இப்போது சொல்ல முடியாது.
மத்தியானம் போய்ப் பார்த்தால்தான் தெரியும்.
மத்தியானம் நாங்கள் பஸ்ஸில் இருப்போம்.

குளிருதுடா, எதையாவது மாட்டிக்கிட்டுப் போ என்று
கையில் அகப்பட்டதை எறிந்தேன்.
நடந்துகொண்டே தலை வழியாக இழுத்து
வலது கையை உள்ளே விட்டு உதறினான்.
ஸ்வெட்டருக்குள்ளிருந்து அரிசி
பனிமேல் கொட்டியது.